81.6 கிலோவிலிருந்து மறுபடியும்

2023 தீபாவளிக்கு முந்தைய வாரம். பிளவுஸ் எல்லாம் இறுக்குகிறது, கொஞ்சம் பிரித்து விடுங்கள் என்று தெருமுனை டெய்லரிடம் நான்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒன்றை எடுத்து உள்பக்கம் திருப்பி, பக்கவாட்டுத் தையலை விரலால் தடவிப் பார்த்தார். "அக்கா, இதுல பிரிக்கிறதுக்குத் துணியே இல்லையே. நீங்கதானக்கா அன்னிக்கு வெட்டச் சொன்னீங்க" என்றார்.

நான்தான் சொன்னேன். 2019 ஆகஸ்டில். 79 கிலோவிலிருந்து 64-க்கு இறங்கியிருந்த நேரம். பிளவுஸுக்கு உள்ளே இரண்டு விரற்கடைத் துணி விட்டு, மூன்று தையல் போட்டுத்தான் அவர் எல்லோருக்கும் தைத்துக் கொடுப்பார். "உள்ள மடிஞ்சு தடிப்பாத் தெரியுதுண்ணே, வெட்டிருங்க. இனிமே அது எதுக்கு" என்று நின்று வெட்டவைத்து வாங்கிக்கொண்டு போனேன். நான்கு வருடம் கழித்து அந்தத் துணிதான் இல்லை என்றார்.

வீட்டுக்கு வந்து பரணில் இருந்த எடை மெஷினை இறக்கினேன். பழைய துண்டில் சுற்றிக் கட்டி வைத்திருந்தேன். பேட்டரி மாற்றிப் போட்டு ஏறி நின்றால் 81.6. குறைத்த 15 கிலோவும் வந்து, மேலே இரண்டரை கிலோ.

அந்த ராத்திரி நான் பட்ட வேதனையை இங்கே விரித்து எழுதப் போவதில்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்கு அது தெரியும். முதல் தடவை இளைக்கிறவரை ஊரே பாராட்டும். இரண்டாம் தடவை தொடங்குகிறவர் ஒளித்துத்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. நான் என் கணவரிடம்கூட ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னேன். அப்படி ஒளித்துக்கொண்டு தொடங்குகிற யாருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு மதுரையில், வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கம். ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். வீட்டில் கணவர், மாமியார், கல்லூரியில் படிக்கும் மகள். எனக்கு இப்போது 49.

2019-ல் ஊரெல்லாம் பேலியோ டயட் பேச்சாக இருந்தது. காலையில் எண்ணி 100 பாதாம், மதியம் முட்டையும் வெண்ணெயும், ராத்திரி பனீரோ கறியோ. அரிசியை அறவே தொடவில்லை. இட்லிப் பானை வீட்டாருக்காக மட்டும் அடுப்பேறியது. காலையும் மாலையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பேன். ஒரு சுற்று ஏறக்குறைய ஒன்றேகால் கிலோமீட்டர் வரும். ஆறு சுற்று. ஏழே மாதத்தில் 15 கிலோ குறைந்தது. அந்த முறை பலருக்கு நன்மை செய்திருக்கிறது, அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. என் தப்பு வேறு இடத்தில் இருந்தது. இதை எத்தனை நாளைக்கு என்று யோசிக்காமல் தொடங்கினேன். 64 வந்ததும் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் நான் அதிகம் யோசித்துப் பார்த்த விஷயம். 2020 பொங்கலுக்கு ஊருக்குப் போய் நான்கு நாள் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டேன். பொங்கல், வடை, மத்தியானச் சாப்பாடு. திரும்பி வந்து எடை பார்த்தால் இரண்டரை கிலோ கூடியிருக்கிறது. நான்கே நாளில்! ஏழு மாதப் பாடும் வீண் என்று மனசு விட்டுப்போனது. அந்த இரண்டரைக் கிலோவில் பெரும்பகுதி தண்ணீர் என்று அன்றைக்கு எனக்குச் சொல்ல ஆளில்லை. அரிசி, கோதுமையை நிறுத்தினால் உடம்பு கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து கரைந்துவிடும். அதில் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மறுபடி சோறு சாப்பிட்டால் அந்தச் சேமிப்பும் தண்ணீரும் திரும்பி வந்து உட்காரும். அது கொழுப்பு கிடையாது. ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமென்றால் தேவைக்கு மேலே சுமார் 7,700 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். நான்கு நாளில் இரண்டரை கிலோ கொழுப்புக்கு நான் அண்டா அண்டாவாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். இந்தச் சின்னக் கணக்கு தெரியாததால் மெஷினைப் பரணில் ஏற்றினேன். பார்க்காமல் இருந்த நாட்களில்தான் நிஜமான எடை ஏறியது.

மார்ச்சில் ஊரடங்கு. தெப்பக்குளத்து நடை நின்றது. ஜூனில் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன். ஆறு மாதம் அவரைத் தூக்கி உட்காரவைப்பதிலும் படுக்கவைப்பதிலும் போனது. அப்போதெல்லாம் நான் என்ன சாப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. அவருக்கு ஊட்டிவிட்டு மிச்சத்தை நின்றபடியே வழித்துச் சாப்பிடுவேன். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அந்த நேரத்துக்கு அதுதான் வேலை.

அதற்குப் பிறகு விசேஷ வீடுகளுக்குப் போவது கஷ்டமானது. "நல்லா இளைச்சிருந்தியே, மறுபடியும் உடம்பு போட்டுட்டியே" என்று பந்தியில் உட்காரும்போதே கேட்பார்கள். ஒரு இடத்தில் மருத்துவரிடம் போனபோது அவர் தலையைத் தூக்காமலே "வாயைக் கட்டுங்க, எல்லாம் சரியாயிரும்" என்று சீட்டை எழுதி நீட்டினார். மறுபடி ஒரு வருடம் நான் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. நாற்பத்தைந்து வயதுப் பெண்ணிடம் மாதவிலக்கு எப்படி இருக்கிறது, தூக்கம் எப்படி என்று ஒரு கேள்வி கேட்காமல் வாயைக் கட்டச் சொல்வது வைத்தியம் ஆகாது. இன்றும் அதில் எனக்கு ஆதங்கம் உண்டு.

டெய்லர் கடையிலிருந்து வந்த மறுவாரம் வேறொரு மருத்துவரைப் பார்த்தேன். பெண் மருத்துவர். அவர் முதலில் கேட்டது தூக்கத்தைப் பற்றி. ராத்திரி மூன்று மணிக்கு உடம்பெல்லாம் வேர்த்து முழிப்பு வந்துவிடும், அப்புறம் தூக்கம் வராது என்றேன். மாதவிலக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று தள்ளித் தள்ளி வந்துகொண்டிருந்தது. ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் குறைவு, 10.2. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.3. அதாவது 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய், நான் வாசலில் நிற்கிறேன். இடுப்புச் சுற்றளவு 98 சென்டிமீட்டர். நம் நாட்டுப் பெண்களுக்கு 80-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்றார்.

அழுதுகொண்டே, குறைத்ததைக் காப்பாற்றத் தெரியாதவள் நான் என்றேன். அவர் ஒரு ஆராய்ச்சியைச் சொன்னார். அமெரிக்காவில் தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் ஏராளமாக இளைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்துக் கூப்பிட்டு அளந்து பார்த்தார்களாம். 2016-ல் வெளிவந்தது. 13 பேருக்கு எடை திரும்ப ஏறியிருந்தது. அதைவிட முக்கியம், சும்மா படுத்திருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழிக்கும் சக்தி, அந்த உடம்புக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்கு 500 கலோரி அளவுக்குக் குறைவாகவே இருந்திருக்கிறது. ஆறு வருடம் ஆகியும். வேகமாக இளைத்தால் உடம்பு அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு செலவைச் சுருக்கும், பசியைக் கூட்டும். "நீங்க ஒழுங்கா இல்லாததால மட்டும் ஏறல. உங்க உடம்பு உங்களைக் காப்பாத்தப் பார்த்திருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சொன்னார். இளைக்கும்போது போவது கொழுப்பு மட்டும் இல்லை, கால்வாசிவரை தசையும் போகலாம். புரதமும் தசைப் பயிற்சியும் இல்லையென்றால் அப்படி ஆகும். எடை திரும்பும்போது தசை அதே அளவுக்குத் திரும்பாது, கொழுப்புதான் முந்திக்கொண்டு வரும். மாதவிலக்கு நிற்கிற காலத்தில் அந்தக் கொழுப்பு தொடையை விட்டு வயிற்றுக்கு வந்து சேரும். ஆக 2019-ல் 79 கிலோவில் இருந்த உடம்பும் 2023-ல் 81 கிலோவில் இருக்கும் உடம்பும் ஒன்றல்ல. பழைய முறையையே மறுபடி செய்தால் இன்னும் கொஞ்சம் தசையைத்தான் இழப்பேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் கொடுத்த இலக்கு எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் 76 கிலோ, அவ்வளவுதான். எடையில் 7 சதவீதம் குறைத்து, வாரம் 150 நிமிடம் நடந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது பாதிக்கு மேல் குறைந்ததாக 2002-லேயே பெரிய ஆராய்ச்சியில் பார்த்துவிட்டார்கள் என்றார். 64-ஐ மறந்துவிடச் சொன்னார். மறக்க எனக்கு நாலைந்து மாதம் பிடித்தது.

முதல் மாதம் சாப்பாட்டில் நான் ஒன்றையும் குறைக்கவில்லை. இரும்புச்சத்து மாத்திரை, ராத்திரி பத்தரைக்குப் படுக்கை, நாலு மணிக்கு மேல் டீ இல்லை. ஒரு நோட்டுப் போட்டு, சாப்பிடுவதை அப்படியே எழுதினேன். கணக்கு எழுதுவது என் தொழில், அதனால் இது எனக்குக் கை வந்தது. ஒரு வாரம் எழுதியதைப் பார்த்தபோது இரண்டு விஷயம் கண்ணில் பட்டது.

ஒன்று எண்ணெய். நான்கு பேருக்கு மாதம் ஐந்து லிட்டர் வாங்குகிறோம். வகுத்துப் பார்த்தால் ஒரு ஆளுக்கு நாளுக்கு 40 மில்லிக்கு மேல். அதை மூன்று லிட்டருக்குக் கொண்டுவந்தால் 25 மில்லி. தட்டில் எதுவுமே குறையாமல் ஒரு ஆளுக்கு 130 கலோரி மிச்சம். தாளிக்கும்போது டப்பாவைச் சாய்த்து ஊற்றுவதை நிறுத்தி, ஒரு பழைய டானிக் மூடியை அளவுக்கு வைத்துக்கொண்டேன். மாதம் பிறந்ததும் மூன்று பாக்கெட்டை எடுத்து வைத்துவிடுவேன், தீர்ந்தால் அடுத்த மாதம்தான். ஆறு வாரம் ஆகியும் வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இரண்டாவது புரதம். காலையில் நாலு இட்லி, மதியம் சோறு, சாம்பார், ஒரு பொரியல், ராத்திரி மூன்று தோசை. கூட்டிப் பார்த்தால் நாள் முழுக்க 35 கிராம் தேறினால் பெரிது. மருத்துவர் சொன்னது 60-க்கு மேல். அரிசியை நிறுத்தாமலே இதை எப்படிக் கூட்டுவது என்று நிறைய நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். இப்போது இருக்கிற ஏற்பாடு இது: காலையில் இரண்டு இட்லி, கெட்டிப் பருப்பு சாம்பார், இரண்டு அவித்த முட்டை. மதியம் நாலு கரண்டிச் சோறு இரண்டு கரண்டியாகி, காலியான இடத்தில் கூட்டும் கீரையும் வந்து, கூடவே மீனோ கோழியோ தயிரோ. சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல், அதிலேயே பத்துப் பன்னிரண்டு கிராம் வந்துவிடும். ராத்திரி இரண்டு தோசை அல்லது அடை. அடையில் பருப்பு இருப்பதால் அதை வாரம் மூன்று நாள் போடுகிறோம். டீயில் சர்க்கரை முதலில் பாதியாகி, பிறகு கால் ஸ்பூன் ஆனது.

பழைய தடவை போல என் சாப்பாட்டைத் தனியாகச் சமைக்கவே கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். வீட்டில் மூன்று பேர் ஒன்றைச் சாப்பிட, நான் ஒருத்தி வேறொன்றைச் சாப்பிட்டால் வீட்டில் ஒரு பிரச்சினை வந்ததும் முதலில் நிற்பது என் சமையல்தான். 2020-ல் அதுதான் நடந்தது. அத்தைக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "என்னத்தா இது, கோழி கொத்துற மாதிரி கொத்திட்டு எந்திரிக்கிற. இன்னொரு கரண்டி போட்டுக்க" என்று கரண்டியோடு வருவார். வேண்டாம் என்றால் அவருக்கு முகம் வாடிவிடும். அன்பைச் சோற்றில் காட்டித்தான் அவருக்குப் பழக்கம். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். "அத்தை, சோறு போதும், உங்க கையால அந்தக் கூட்டை இன்னும் கொஞ்சம் வைங்க" என்று தட்டை நீட்டினேன். அவருக்கும் திருப்தி.

தசைப் பயிற்சிக்கு ஜிம்மில் சேரப் போய்த் திரும்பி வந்தேன். மூன்று மாதத்தில் 15 கிலோ என்று சொல்லி, டப்பா டப்பாவாகப் பொடி வாங்கவைக்கப் பார்த்தார்கள். அத்தைக்கு இடுப்பு ஆபரேஷன் முடிந்தபோது பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட் பெண்ணையே கூப்பிட்டேன். முழங்கால் வலியைச் சொன்னதும், கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போடச் சொன்னார். கையை நெஞ்சில் குறுக்கே வைத்துக்கொண்டு எழ வேண்டும், உட்காரும்போது பொத்தென்று விழாமல் மெதுவாக, மூன்று எண்ணும் நேரம் எடுத்து உட்கார வேண்டும். முதல் நாள் ஐந்தாவது தடவையே தொடை நடுங்கியது. ஒன்றரை மணி நேரம் நடந்த கால் இது, ஐந்து தடவை எழுந்து உட்கார முடியவில்லை. தசை போயிருந்தது என்று மருத்துவர் சொன்னதை என் தொடை அன்றைக்கு எனக்குக் காட்டியது. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டைத் தூக்கி இறக்குவது, படியில் குதிகாலை உயர்த்துவது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் இருபது நிமிடம். இப்போது பாட்டிலுக்குப் பதில் மூன்று கிலோ டம்பெல். நாலு மாதத்தில் முழங்கால் வலி குறைந்தது. எடை அப்போது மூன்று கிலோதான் குறைந்திருந்தது.

நடையை மூன்று சுற்றோடு நிறுத்திக்கொண்டேன். முடியாத நாளில் ஒரு சுற்று. ஆறு சுற்று என்று வைத்தால் ஆறு முடியாத நாளில் ஒன்றுகூட நடக்காமல் வீட்டில் இருந்துவிடுவேன் என்பது எனக்குத் தெரியும். தெப்பக்குளத்தில் பழைய ஆட்கள் பார்த்துவிடுவார்களே என்று முதல் வாரம் கூச்சமாக இருந்தது. தினம் எதிரே வரும் ஒரு பெரியம்மா மட்டும் "என்ன மதினி, ஊருக்குப் போயிருந்தீகளா, ஆளையே காணோம்" என்று கேட்டுவிட்டு நடந்துபோனார். அவ்வளவுதான் நடந்தது.

2024 சித்திரைத் திருவிழா எனக்கு ஒரு பரீட்சை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் எங்கள் வீட்டில்தான். பானகம், சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, மறுநாள் கறி. எல்லாவற்றையும் சாப்பிட்டேன். ஐந்தாம் நாள் எடை 1.8 கிலோ கூடியிருந்தது. வயிற்றில் ஒரு பயம் உருண்டது. ஆனால் இந்தத் தடவை மெஷினைப் பரணில் ஏற்றவில்லை. அன்றைக்கே இரண்டு இட்லி, இரண்டு முட்டை என்று வழக்கத்துக்கு வந்தேன். பட்டினி போட்டு ஈடுகட்டவும் இல்லை. ஒன்பதாம் நாள் பழைய எடைக்கு வந்துவிட்டேன். என்னைக் கேட்டால் இரண்டு வருடத்தில் முக்கியமான ஒன்பது நாள் அதுதான்.

அப்புறம் ஜூலையிலிருந்து செப்டம்பர்வரை 11 வாரம் 75-லேயே நின்றது. வழக்கம் மாறவில்லை, எண் நகரவில்லை. அந்த நாட்களில் என்னைக் காப்பாற்றியது டெய்லர் நாடா. மாதம் முதல் தேதி தொப்புளை ஒட்டிச் சுற்றி அளப்பேன். அதே 11 வாரத்தில் இடுப்பு மூன்று சென்டிமீட்டர் குறைந்திருந்தது. எடையைத் தினமும் பார்த்து வார சராசரியை மட்டும் நோட்டில் எழுதுகிறேன். மாதவிலக்கு வரும் வாரம் ஒரு கிலோ ஏறி இறங்கும், அதை ஒரு நாள் கணக்காகப் பார்த்தால் பைத்தியம் பிடிக்கும்.

அலுவலகத்தில் இப்போது எல்லோரும் எடை குறைக்கும் ஊசியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். 2025-ல் அந்த மருந்துகள் இங்கேயும் எடைக்குறைப்புக்கென்று வந்துவிட்டன. என் மருத்துவரிடமும் கேட்டேன். பலருக்கு நல்ல பலன் தருகிறது, ஆனால் நிறுத்தினால் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு வருடத்துக்குள் திரும்பியதை ஆராய்ச்சியில் பார்த்திருக்கிறார்கள், அதனால் நீண்ட நாளைக்கு என்று நினைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார். எனக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தோம். தேவைப்படுகிறவர்கள் மருத்துவர் பார்வையில் போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த வாரச் சராசரி 71.4. இடுப்பு 89. சர்க்கரைச் சராசரி 5.8. இரண்டு வருடத்தில் பத்து கிலோ. முன்பு ஏழு மாதத்தில் 15 குறைத்தவளுக்கு இது மெதுவாகத்தான் தெரிகிறது, சில நாள் ராத்திரி அந்த நினைப்பு வரத்தான் செய்கிறது. போன மாதம் புதுசாகத் தைத்த பிளவுஸ்களைப் பிடித்துக் கொடுக்க டெய்லரிடம் போனேன். உள்ளே நிறைய நிற்கிறதே, வெட்டட்டுமா அக்கா என்றார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.

செவ்வாய், வியாழன், ஞாயிறு காலை ஆறரைக்கு நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போடுவேன். சத்தம் கேட்டு அத்தையும் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார். அவருக்கும் ஒரு நாற்காலி. பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழலாம். "எண்ணுத்தா" என்பார். நான் எண்ணுவேன். ஆரம்பத்தில் மூன்று. போன ஞாயிற்றுக்கிழமை எட்டு எழுந்துவிட்டு, மூச்சு வாங்க உட்கார்ந்து, "உனக்கு எத்தனை ஆச்சு?" என்று கேட்டார். எனக்குப் பன்னிரண்டு. இன்னும் மூன்று இருந்தது.